தூது போன பிள்ளைகள்

அப்பா அம்மா சண்டையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படங்களில் 'குழந்தையும் தெய்வமும்' படத்துக்குத் தனி இடம் உண்டு. 1965-ல் ஏவி.எம். தயாரித்த படம். 'பராசக்தி'யை இயக்கிய கிருஷ்ணன் - பஞ்சு இரட்டையர்தான் இதையும் இயக்கினார்கள். இசை எம்.எஸ்.விஸ்வநாதன். ஜெய்சங்கர் சினிமாவுக்கு வந்த வருஷமும் அதுதான், அவருக்கு ஜோடி ஜமுனா, சிரிப்புக்கு நாகேஷ். இத்தனை பேர் இருந்தும் படம் குட்டி பத்மினியுடையது. பிரிந்துபோன தம்பதி ஆளுக்கு ஒரு குழந்தையை வைத்துக்கொள்கிறார்கள். அந்த இரட்டைக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துத் திகைத்து, விஷயம் புரிந்ததும் வீடு மாறிப் போகிறார்கள். அம்மாவோடு வளர்ந்தவள் அப்பாவிடம், அப்பாவோடு வளர்ந்தவள் அம்மாவிடம். இரண்டு வேடத்திலும் அந்த ஒரே சிறுமி.

நான் அதைப் பார்த்தது எண்பதுகளின் கடைசியில், தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலப் படமாக. திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளை டயனோரா இருந்தது. அப்பா சாய்வு நாற்காலியில், அம்மா சமையல்கட்டு வாசல்படியில் கீரை ஆய்ந்துகொண்டு, நானும் தம்பியும் நடுவில் பாயில். எனக்குப் பதின்மூன்று வயது. நாலு பேரும் ஒரே இடத்தில் சிரித்தோம். அப்பா சிரிக்கும்போது அம்மா நிறுத்திக்கொள்வதையும், அம்மா சிரித்தால் அப்பா முகத்தை மாற்றிக்கொள்வதையும் நான் கவனித்தேன். காரணம், அவர்கள் இருவரும் அப்போது பேசிக்கொள்வதில்லை.

அத்தை கல்யாணத்துக்காக அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை அப்பா அடகு வைத்திருந்தார். கேட்டுத்தான் வாங்கினார், அவளும் மனசோடுதான் கழற்றிக் கொடுத்தாள். தை பிறந்தால் மீட்டுவிடலாம் என்றார், பிறகு சித்திரை என்றார். வட்டி கட்ட முடியாமல் சங்கிலி ஏலத்துக்குப் போய்விட்டது. அதை அப்பா வீட்டில் சொல்லவில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ ஒரு உறவுக்காரம்மா சொல்லி அம்மாவுக்குத் தெரியவந்தது. நகை போனதை அம்மா தாங்கிக்கொண்டிருப்பாள். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் தனக்குத் தெரியாமல் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் குடும்பம் நடந்தாக வேண்டுமே. அதற்கு நாங்கள் இருந்தோம். "அந்த மனுஷன்கிட்ட கேளு, ராத்திரிக்கு இங்க சாப்பாடா இல்ல வெளியிலயான்னு." அந்த மனுஷன் பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பார். ஒரு சொல் விடாமல் அவர் காதில் விழுந்திருக்கும். நான் போய் எதிரில் நின்று கேட்டால்தான் பதில் வரும். "இங்கதான்னு சொல்லு." திரும்பி நடந்து வந்து, அம்மாவுக்கும் நன்றாகவே கேட்ட அந்தப் பதிலை அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

பெரியவர்கள் கவனிக்காத ஒன்று இதில் உண்டு. தூது போகும் பிள்ளை கேட்டதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அம்மா, "இன்னைக்காவது வரும்போது காய் வாங்கிட்டு வரச் சொல்லு" என்பாள். நான் அதில் 'இன்னைக்காவது' என்பதை எடுத்துவிடுவேன். "வரும்போது காய் வாங்கிட்டு வரணுமாம்ப்பா." அப்பா, "அவளுக்கு என்ன வேணுமோ அவளே எழுதிக் கொடுக்கச் சொல்லு" என்பார். நான் சமையல்கட்டுக்குப் போய், "என்ன காய்னு அப்பா கேட்கிறாங்கம்மா" என்பேன். வார்த்தையின் முள்ளை ஒடித்து ஒடித்து இரண்டு பக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒடித்த முள்ளெல்லாம் எங்கே போயிற்று? என்னிடமே இருந்தது. யாருக்கு யார் மேல் எவ்வளவு கோபம் என்பது அந்த வீட்டில் முழுசாகத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். தம்பி இன்னும் சின்னவன். அவன் கேட்டதை ராகம் மாறாமல் சொல்லிவிடுவான். அதனால் அவன் வாயைத் திறக்கும் முன் நான் ஓடுவேன்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்தப் படம் எப்படி இருந்திருக்கும்! திரையில் இரண்டு சிறுமிகள், பெரியவர்களுக்குத் தெரியாமல் திட்டம் போடுகிறார்கள். அகப்பட்டுக்கொள்ளப் பார்க்கிறார்கள், பொய் சொல்லித் தப்பிக்கிறார்கள், சிரிக்க வைக்கிறார்கள். ஆனால் அவர்கள் யாருடைய சேதியையும் சுமக்கவில்லை. தங்களுக்கு வேண்டியதை நோக்கித் தாங்களே நடக்கிறார்கள். அப்பாவும் வேண்டும் அம்மாவும் வேண்டும் என்று ஒரு பிள்ளை வெளிப்படையாக ஆசைப்படலாம், அதற்காக எதையாவது செய்தும் பார்க்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அழுதுகொண்டே சொல்லியிருந்தால் என் காதில் ஏறியிருக்காது. அழுகை எங்கள் வீட்டிலேயே நிறைய இருந்தது.

வீடு மாறிப் போக எங்களுக்கு வழியில்லை. எல்லோரும் இருந்தது ஒரே வீட்டில். தூது போவதை நிறுத்துவதுதான் எங்களால் முடிந்தது. மொட்டை மாடியில் உட்கார்ந்து நானும் தம்பியும் பேசி முடிவெடுத்தோம்.

வாய்ப்பை சிலிண்டர் கொண்டுவந்தது. ரசம் பாதி கொதிக்கையில் கேஸ் தீர்ந்துபோயிற்று. சிலிண்டர் மாற்றுவது எங்கள் வீட்டில் அப்பாவின் வேலை. அம்மாவுக்கு அதில் பயம். "அப்பாவை வந்து மாட்டச் சொல்லுடி" என்றாள். "நீயே சொல்லும்மா" என்றேன். அம்மா கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். கூடத்திலிருந்து அப்பா தம்பியிடம், "என்னடா, உள்ளே என்னவாம்?" என்றார். தம்பி மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னான். "அம்மாவையே கேளுங்கப்பா."

வீடு அப்படியே நின்றது. ரசத்தின் கொதி அடங்கிக்கொண்டிருந்தது. தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அம்மா சமையல்கட்டு வாசலுக்கு வந்து, காலண்டரைப் பார்த்தபடி, "கேஸ் தீர்ந்துபோச்சு" என்றாள். அப்பா எழுந்தார். புது சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து, மூடியைக் கழற்றி, வாஷரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தீப்பெட்டியைத் தூரமா வை" என்றார். யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை. நேராக அம்மாவிடம் சொன்னார்.

அன்று ராத்திரி பெரிய சண்டை. நாங்கள் பாயில் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டோம். சங்கிலி ஏலம் போன பேச்சே அன்றுதான் முதன்முதலாக அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. அம்மா அழுதாள். அப்பா, "உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரலை" என்றார். அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் பல மாதம் வீட்டில் முறைப்பு இருந்தது, தட்டு வைக்கும் சத்தத்தில் கோபம் இருந்தது. ஆனால் அவர்கள் சண்டையை அவர்களே போட்டுக்கொண்டார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வயிற்றைப் பிசையவில்லை. சாயங்காலங்களில் தெருவில் பாண்டி ஆடப் போனேன்.

அந்தப் படத்தின் கதை எங்கிருந்து வந்தது என்பதைப் பெரியவளான பிறகுதான் தேடிப் படித்தேன். ஏவி.எம். படம் 1961-ல் வந்த டிஸ்னியின் 'தி பேரன்ட் ட்ராப்' படத்தைத் தழுவியது. டேவிட் ஸ்விஃப்ட் இயக்கிய அந்தப் படத்தில் ஹேய்லி மில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் இரட்டையராக நடித்தார். கோடை முகாமில் சந்திக்கும் பதின்வயதுப் பெண்கள். ஒருத்தி பாஸ்டனில் அம்மாவிடம், இன்னொருத்தி கலிபோர்னியாவில் அப்பாவிடம். அதற்கும் மூலம் எரிக் கேஸ்ட்னர் 1949-ல் எழுதிய ஜெர்மன் சிறுவர் நாவல். கேஸ்ட்னரின் புத்தகங்களை நாஜிகள் 1933 மே 10 அன்று பெர்லினில் ஒரு சதுக்கத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். அவர் அந்தக் கூட்டத்திலேயே நின்று தன் எழுத்து எரிவதைப் பார்த்தார். நாட்டை விட்டுப் போகவில்லை. போர்க்காலத்தில் சினிமாவுக்கென்று யோசித்த இந்தக் கதையை, போர் முடிந்தபின் நாவலாக எழுதினார். அடுத்த வருஷமே அது ஜெர்மனியில் படமாயிற்று. நிஜ இரட்டைச் சகோதரிகளே அதில் நடித்தார்கள்.

கேஸ்ட்னரின் கதையில் வில்லன் கிடையாது. அப்பா வியன்னாவில் இசை நடத்துநர். சின்ன வயசிலேயே கல்யாணமாகி, இரட்டைக் குழந்தைகளின் அழுகையில் இசையமைக்க முடியாமல் தனியாக ஓர் இடம் பார்த்துக்கொண்டு போனார். அங்கிருந்து விரிசல் தொடங்கியது. அப்பாவை மணக்க ஒரு பெண் காத்திருந்தாலும் அவள் பிரிவுக்குப் பிறகு வருகிறவள். பழி முழுவதையும் சுமத்த மூன்றாம் ஆள் இல்லை. நம் படத்தில் மாமியாரை வைத்தார்கள். ஜி.வரலட்சுமி நடித்த அந்த அதிகார மாமியார் இல்லையென்றால் தம்பதி பிரிந்திருக்கவே மாட்டார்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். 1965-ல் அது தேவைப்பட்டிருக்கிறது. இந்து திருமணச் சட்டம் வந்து அப்போது பத்து வருஷம்தான். இருவர் சம்மதத்தோடு விவாகரத்து என்பது 1976 திருத்தத்துக்குப் பிறகுதான் அந்தச் சட்டத்தில் நுழைந்தது. கணவன் மனைவி தாங்களாகவே ஒருவரை ஒருவர் வேண்டாம் என்று நினைக்க முடியும் என்பதை நம் குடும்பப் படம் சொல்லத் தயங்கியது. ஆனாலும் பிள்ளைகள் விஷயத்தில் தயங்கவில்லை. அதனால்தான் அதே இயக்குநர்கள் நீது சிங்கைச் சிறுமியாக வைத்து 'தோ கலியான்' என்று 1968-ல் எடுத்தபோது இந்தியிலும் அது எடுபட்டது. பெரியவர்களின் குற்றம் ஊருக்கு ஊர் மாறும். அப்பா அம்மா இருவரையும் கேட்கும் பிள்ளையின் ஆசை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

ஒரே சிறுமியை இரண்டு வேடத்திலும் நடிக்க வைத்ததில் இன்னொரு அர்த்தமும் எனக்குத் தெரிகிறது. அப்பாவும் அம்மாவும் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு ஆள்தான். அம்மா பக்கம் நிற்கும்போது ஒருத்தி, அப்பா பக்கம் போகும்போது வேறொருத்தி. அங்கே சிரித்ததை இங்கே மறைக்க வேண்டும். திரையில் அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எதிரே நின்று பேசி, சேர்ந்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்குள்ளும் அதுதான் நடந்தது.

பல வருஷம் கழித்து, என் மகளுக்கு நான் அந்தப் படம் பார்த்த வயசு வந்தபோது, 1998-ல் வந்த 'தி பேரன்ட் ட்ராப்' படத்தை வீட்டில் போட்டேன். நான்சி மேயர்ஸ் இயக்கிய முதல் படம் அது. லிண்ட்சே லோஹன் இரட்டையர், டென்னிஸ் க்வைட் அப்பா, நடாஷா ரிச்சர்ட்சன் அம்மா. 1961 படத்தில் அப்பாவை மடக்கப் பார்க்கும் பெண்ணாக நடித்த ஜோவன்னா பார்ன்ஸ், இந்தப் படத்தில் அதே மாதிரிப் பெண்ணுக்கு அம்மாவாக வருகிறார். என் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் உட்கார்ந்து என் மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

லண்டனில் அம்மாவிடம் வளர்ந்த ஆனி, கலிபோர்னியாவில் இருக்கும் அப்பாவிடம் முதன்முறையாக வருகிறாள். அவருக்கு இவள் வேறொருத்தி என்று தெரியாது. அவள் பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்பா, அப்பா என்றே முடிக்கிறாள். ஏன் இப்படிச் சொல்லிக்கொண்டே இருக்கிறாய் என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்கிறார். வாழ்நாளில் அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள் என்கிற மாதிரி அவள் சுற்றி வளைத்துப் பதில் சொல்கிறாள். நகைச்சுவைக் காட்சிதான். என் மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "அந்தக் குழந்தை கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்குது" என்றாள்.

இன்னொரு இடம். அந்த வீட்டில் சமையலையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும் செஸ்ஸிக்குத்தான் முதலில் சந்தேகம் வருகிறது. வளர்த்த பெண்ணின் நடையும் பேச்சும் சாப்பாடும் மாறியிருக்கிறது, நாய் கிட்டே வர மறுக்கிறது. உண்மை தெரிந்ததும் செஸ்ஸி கண் கலங்கி, சாப்பிட என்ன செய்து தரட்டும் என்று கேட்கிறாள். கைக்குழந்தையாகப் பார்த்தது, இப்போது இவ்வளவு பெரிய பெண்ணாக எதிரில் நிற்கிறது. வேறு என்ன கேட்பாள்? அம்மா அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம், அப்பாவை மணக்க வந்த மெரிடித்தைப் பெண்கள் இருவரும் மலையேறக் கூட்டிக்கொண்டு போய், பையில் கல்லை அடைத்து, பல்லியைத் தலையில் ஏற விட்டு, தூங்குகிறவளைப் படுக்கையோடு ஏரியில் மிதக்க விட்டபோது எங்கள் மூவரின் சிரிப்புச் சத்தம் கேட்டு, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த என் அப்பா எழுந்து வந்துவிட்டார்.

என் தோழி ஒருத்தி விவாகரத்து ஆனவள். அவளுக்கு ஒரு பையன். இந்தப் படத்தை அவனுக்குக் காட்டுவதா என்று என்னிடம் கேட்டாள். நடக்காத ஒன்றை நடக்கும் என்று நம்பிவிட்டால் என்ன செய்வது என்பது அவள் கவலை. நியாயமான கவலை. கேஸ்ட்னருக்கும் அது தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் விவாகரத்தைப் பேசலாமா என்ற கேள்வியை நாவலுக்குள்ளேயே எழுப்பி அவர் பதில் சொல்கிறார். பெற்றோர் பிரிந்ததால் துன்பப்படும் பிள்ளைகள் நிறைய, பிரியாமல் இருப்பதாலேயே துன்பப்படும் பிள்ளைகளும் நிறைய, அந்தத் துன்பத்தைப் பிள்ளைகள் சுமக்கும்போது அதைப் பற்றி அவர்களிடம் பேசாமல் இருப்பது சரியில்லை என்கிறார். 1949-ல் ஒரு சிறுவர் நூலாசிரியர் இதை எழுதியிருக்கிறார்.

அந்தக் கவலைக்குச் சரியான பதிலை அம்மாதான் சொன்னாள். படம் முடிந்து நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, "புள்ளைங்க சேத்து வச்சுதுன்னு சொல்றீங்க. சேத்து வைக்கலடி. பேச வச்சுதுங்க. அதுக்கப்புறம் சேர்றதும் சேராததும் பெரியவங்க பாடு" என்றாள். எங்கள் மொட்டை மாடித் திட்டத்தைப் பற்றி நான் அவளிடம் அதுவரை சொன்னதில்லை. சொன்னேன். "தெரியும். அன்னைக்கே தெரியும். உன் தம்பி சிரிச்சானே" என்றாள். அப்பா, "என்ன தெரியும்?" என்று கேட்டார். அம்மா அவர் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் அவளே சொன்னாள்.

அம்மா சொன்னதை அப்படியே தோழியிடம் சொன்னேன். அவள் பையனுக்குப் படத்தைக் காட்டினாள். படம் பார்த்தபின் அவன் கேட்டதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொன்னாளாம். அவனும் அப்பாவைப் பற்றி அதுவரை அடக்கி வைத்திருந்த கேள்விகளைக் கேட்டானாம்.

கேஸ்ட்னர் நாவலில் அந்த இரட்டையர் தங்கள் பிறந்த நாளன்று, பரிசு எதுவும் வேண்டாம், நாம் எல்லோரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறார்கள். பெரியவர்கள் பக்கத்து அறைக்குப் போய்ப் பேசுகிறார்கள். பிள்ளைகள் வெளியே காத்திருக்கிறார்கள். முடிவைப் பிள்ளைகள் எடுப்பதில்லை. கேட்பது அவர்கள் உரிமை, உட்கார்ந்து பேசுவது பெரியவர்களின் கடமை. ஒரு சிரிப்புப் படம் இவ்வளவையும் ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தது என்றால் அந்தச் சிரிப்பை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

சேர்ந்திருங்கள் என்றோ பிரிந்துபோங்கள் என்றோ எந்தத் தம்பதிக்கும் நான் சொல்ல மாட்டேன். அது அவர்கள் விஷயம். ஆனால் "அப்பாகிட்ட சொல்லு", "அம்மாகிட்ட சொல்லு" என்று பிள்ளையைக் கூப்பிடும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்தச் சேதியைச் சுமக்க அது உங்கள் வீட்டில் பிறக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் நீங்களே எழுந்து போய்ச் சொல்லுங்கள். பிள்ளை விளையாடப் போகட்டும்.